எலியட்டின் பூனைகள் மேடையேறிய கதை: ‘கேட்ஸ்’ பற்றி ஓர் இழை

கேள்வி – 4 ஆகஸ்ட் 2024

என் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆங்கிலப் புத்தகத்தில் மெக்காவிட்டி என்று ஒரு பூனைப் பாட்டு, டி.எஸ். எலியட் எழுதியது. அந்தப் பூனைப் பாட்டுகளை வைத்து ‘கேட்ஸ்’ என்று இசை நாடகம் போட்டு, அது லண்டனில் 21 வருடம் ஓடியதாம். ஆர்வத்தில் 2019இல் வந்த சினிமாவைப் போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கதையே இல்லை. ஒவ்வொரு பூனையாக வந்து ‘நான் இன்னார்’ என்று பாடிவிட்டுப் போகிறது. ‘மெமரி’ பாட்டு மட்டும் தேறும், அது எலியட் எழுதியது என்பதால். மற்றபடி பெரிய கவிஞரின் பெயரையும் பூனை வேஷத்தையும் வைத்துக் காசு பார்த்த நாடகம் என்பது என் கட்சி. இங்கே பாடம் நடத்துகிற டீச்சர்கள் இருக்கிறீர்களே, மறுக்க முடியுமா?

4 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

முடியும். 2018இல் புத்தகம் மாறியதிலிருந்து வருடா வருடம் அந்தப் பாட்டை நடத்துகிறேன், அதனால் இதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. துண்டு துண்டாகத்தான் எழுத முடியும். காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

முதலில் ‘மெமரி’. அது எலியட்டின் பூனைப் புத்தகத்தில் இல்லவே இல்லை. அந்த வரிகளை எழுதியவர் நாடகத்தின் இயக்குநர் டிரெவர் நன். நீங்கள் தேறும் என்று சொன்ன ஒன்றுதான் கவிஞர் நேரடியாக எழுதாதது. தேறாது என்று தள்ளியவை எல்லாம் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து அவருடையவை.

4 ஆகஸ்ட் 2024, இரவு 10.15

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. சினிமாவைப் பார்த்து நாடகத்தை எடை போடாதீர்கள். மேடையில் நடிகர் முகத்தில் சாயம் பூசி, யாக் எருமை முடியில் செய்த விக் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவரைப் பூனையாக ஆக்குவது பார்க்கிறவரின் மனசு. சினிமாவில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ரோமமாக ஒட்டிக் காட்டியது. நம் மனசுக்கு அங்கே வேலையே இல்லை.

6 ஆகஸ்ட் 2024

கதை இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கதை இல்லாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் கிடையாது. கவிதைகளைப் பயன்படுத்த உரிமை கொடுத்த எலியட் தரப்பு, கவிஞரின் வரிகளை அப்படியே வைக்க வேண்டும், புதிதாக வசனம் எழுதிச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அந்த நிபந்தனையோடு ஒரு முழு ராத்திரி நாடகம் கட்ட வேண்டும்! கையில் இருப்பது 15 தனித்தனிக் கவிதைகள். ஒரு பூனை ரயிலில் வேலை பார்க்கிறது. ஒன்று கிளப்புக்குக் கிளப் போய்ச் சாப்பிட்டுப் பருத்திருக்கிறது. ஒன்று பகலெல்லாம் உட்கார்ந்தே இருந்துவிட்டு ராத்திரியில் எலிகளுக்கும் கரப்பான்களுக்கும் பாடம் எடுக்கிறது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டு உறவு கிடையாது.

அந்தக் கவிதைகள் பிறந்த விதமும் அப்படி. 1930களில் எலியட் லண்டனில் ஃபேபர் பதிப்பகத்தில் இயக்குநர். நண்பர்களின் பிள்ளைகளுக்கும் தன் ஞானப்பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதும்போது பூனைப் பாட்டு எழுதி அனுப்புவார். அந்தக் கடிதங்களில் தன்னை ‘பாஸம்’ என்று சொல்லிக்கொள்வார். அது கவிஞர் எஸ்ரா பவுண்ட் அவருக்கு வைத்த பட்டப் பெயர். பாஸம் என்பது ஆபத்து வந்தால் செத்ததுபோல் கிடக்கும் ஒரு பிராணி. 1939 அக்டோபரில் புத்தகம் வந்தபோது அட்டைப் படத்தை அவரே வரைந்தார். யுத்தம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

‘பாழ்நிலம்’ என்ற நீண்ட கவிதையை எழுதி, கடைசியில் மூன்று தடவை ‘சாந்தி’ சொல்லி முடித்தாரே, அதே மனுஷர். நம் கல்லூரிகளில் அவரைப் பயமுறுத்தும் கவிஞராகவே பழக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. எம்.ஏ.வில் ஒரு செமஸ்டர் முழுக்க அவரோடு மல்லுக்கட்டியும் அவர் சிரிக்கக் கூடியவர் என்று யாரும் சொல்லவில்லை.

6 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

திருத்தம். 1939இல் வந்த முதல் பதிப்பில் 14 கவிதைகள்தான். பதிப்பகத்து வாசலில் காவல் காக்கும் மார்கன் என்ற பூனையின் பாட்டு 1952 பதிப்பில் சேர்ந்தது. அதோடு சேர்த்துத்தான் 15.

9 ஆகஸ்ட் 2024

இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது.

மெக்காவிட்டி பாட்டை முதலில் அர்த்தம் சொல்லாமல் வாசித்தேன். எப்போதும் அப்படித்தான் தொடங்குவேன். நான்காவது வரியில் கடைசி பெஞ்சிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். அடுத்த வரி முடிவிலும் ‘டக்’. ஒரு பையன் ஜியாமெட்ரி பாக்ஸை பெஞ்சில் தட்டுகிறான். திட்டப் போகிறேன் என்று பக்கத்துப் பையன் அவன் கையைப் பிடித்தான். விடச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை எல்லாரும் தட்டினார்கள்.

கவனித்துப் பாருங்கள். அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியிலும் அழுத்திச் சொல்லும் இடம் ஏழு. ஏழு என்றால் காதுக்கு எட்டாவது ஒன்று பாக்கி இருப்பதுபோல் தோன்றும். அந்த எட்டாவது இடம் வெறுமையாக நிற்கிறது. பையன் தட்டியது சரியாக அந்த வெறும் இடத்தில். அவனுக்கு இங்கிலீஷ் சந்தம் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. கும்மியும் காவடிச்சிந்தும் கேட்டு வளர்ந்த காது, அவ்வளவுதான்.

நாடகத்துக்கு இசையமைத்த லாயிட் வெபர் செய்ததும் இதே வேலை. ஆண்ட்ரூ லாயிட் வெபர் அதுவரை டிம் ரைஸோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பெரும்பாலும் இவர் மெட்டுப் போடுவார், அவர் அதற்கு வரி எழுதுவார். ஏற்கெனவே எழுதி முடித்த கவிதைக்கு மெட்டுப் போட முடியுமா என்று தனக்குத்தானே பயிற்சி வைத்துக்கொண்டு 1977 வாக்கில் எடுத்தது இந்தப் புத்தகத்தை. சின்ன வயதில் அம்மா படித்துக் காட்டிய பாட்டுகள். அவர் எழுதியிருப்பதைக் கேட்டால் ஒவ்வொரு பூனைக்கும் கவிதையின் நடையே தாளத்தைக் கொடுத்திருப்பது தெரியும். ரயில் பூனை ஸ்கிம்பிள்ஷாங்க்ஸின் பாட்டு பதிமூன்று எட்டு (13/8) என்ற தாளக் கணக்கில் ஓடுகிறது. பதிமூன்று! கொன்னக்கோல் படித்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். ஆனால் கேட்கும்போது கணக்கே தெரியாது, ரயில் ஓடுவதுதான் தெரியும். மேடையில் பூனைகள் பழைய சாமான்களை எடுத்து வந்து சேர்த்து ஒரு ரயில் எஞ்சினைக் கட்டிவிடும்.

ஆகவே கவிஞரின் ‘பெயரை’ வைத்து நடத்தினார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். அவருடைய சந்தத்தை வைத்து நடத்தினார்கள்.

10 ஆகஸ்ட் 2024

வருகைப் பதிவேட்டை மூடும்போது அந்தப் பையன் கேட்டான்: “மிஸ், பூனைக்கு மூணு பேர் வைக்கணும்னு இன்னொரு பாட்டு இருக்காமே?” ஆமாம். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, அந்தப் பூனைக்கு மட்டுமே உரிய மிடுக்கான பெயர் ஒன்று, பூனைக்கு மட்டும் தெரிந்து அது யாருக்கும் சொல்லாத பெயர் ஒன்று. “எனக்கும் ரெண்டு இருக்கு மிஸ், பதிவேட்டுல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு,” என்றான். மூன்றாவதை நான் கேட்கவில்லை.

14 ஆகஸ்ட் 2024

‘மெமரி’ பாடும் பூனை கிரிசபெல்லா பற்றி எழுதாமல் இந்த இழையை விட முடியாது.

1980 கோடையில் லாயிட் வெபர் தன் கிராமத்து வீட்டில் நடத்தும் சிட்மன்டன் விழாவில் சில பூனைப் பாட்டுகளைப் பாடிக் காட்ட ஏற்பாடு செய்தார். அப்போது அவர் மனதில் இருந்தது கச்சேரி மாதிரி ஒன்று. கேட்க வந்தவர்களில் எலியட்டின் மனைவி வேலரி எலியட்டும் ஒருவர். எலியட் 1965 ஜனவரியில் இறந்துவிட்டார். அந்த அம்மாள் வெறும் கையோடு வரவில்லை. அச்சேறாத சில தாள்களை எடுத்து வந்திருந்தார். அதில் எட்டு வரி: கிரிசபெல்லா, ஒரு காலத்தில் அழகியாக இருந்த பூனை. இப்போது டாட்டன்ஹாம் கோர்ட் சாலைப் பக்கத்து மதுக்கடைகளைச் சுற்றித் திரிகிறாள். பார்க்கிறவர்கள், ‘இவளா அவள்’ என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது ரொம்பச் சோகம் என்று எலியட் புத்தகத்தில் சேர்க்காமல் விட்ட துண்டு அது.

எட்டே வரி. முடிவு கூட இல்லாத ஒரு துண்டு. அது கையில் கிடைத்தவுடன் நாடகம் கிடைத்துவிட்டது. ஊரே ஒதுக்கும் ஒரு பூனை, வருடத்தில் ஒரு ராத்திரி கூடும் ‘ஜெலிகிள்’ என்ற பூனைக் கூட்டம், அந்த ராத்திரி ஒரு பூனைக்கு மறுபிறவி. இதற்கு மேல் ‘கேட்ஸ்’ நாடகத்தில் கதை இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் இவ்வளவு இருக்கிறது. நீங்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டீர்கள், அவள் கதை கடைசியில்தான் முடிகிறது.

வேலரி அம்மாளைப் பற்றி இன்னும் ஒன்று. எலியட் உயிரோடு இருந்தபோது டிஸ்னி இந்தப் பூனைகளைக் கேட்டிருக்கிறது. கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்துவிடுவார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். லாயிட் வெபரிடம் அந்த அம்மாள் இதைச் சொல்லித்தான் சம்மதித்தார். இவை வளர்ப்புச் செல்லங்கள் கிடையாது, தெருப் பூனைகள் என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

17 ஆகஸ்ட் 2024

‘மெமரி’ விஷயத்தில் நான் முதல் நாள் எழுதியது பாதி உண்மைதான். முழுக்க நன் எழுதியது என்று தொனிக்க எழுதிவிட்டேன். நேற்று ராத்திரி எலியட்டின் பழைய கவிதை ஒன்றை எடுத்து மறுபடி படித்தேன். ‘காற்று வீசும் இரவைப் பற்றிய ராப்சடி’ என்பது தலைப்பு, 1911இல் பாரிசில் எழுதியது, 1917இல் வந்த முதல் தொகுப்பில் இருக்கிறது. நன் தன் வரிகளை அதிலிருந்துதான் பின்னினார்: நடுநிசி, நிலா, முணுமுணுக்கும் தெருவிளக்கு, நினைவு. நாலைந்து பிம்பங்களை எடுத்து, அதில் இல்லாத ஒரு ஏக்கத்தை ஊற்றியிருக்கிறார். மூலக் கவிதை குளிர்ந்தது. பாட்டு சுடுகிறது.

படிக்கும்போது ஒன்றைப் பார்த்துத் திடுக்கிட்டேன். இத்தனை வருடம் கண்ணில் படாமல் போனது. அந்த 1911 கவிதையில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது! சாக்கடை ஓரம் பதுங்கி, நாக்கை நீட்டி, கெட்டுப்போன வெண்ணெய்த் துணுக்கை நக்கித் தின்கிறது. தெருவிளக்கு அதைக் காட்டுகிறது. கதவு வெளிச்சத்தில் கிழிந்த உடையோடு தயங்கி நிற்கும் ஒரு பெண்ணும் அதே கவிதையில் வருகிறாள். அந்தப் பெண்ணையும் இந்தப் பூனையையும் சேர்த்தால் கிரிசபெல்லா வந்துவிடுகிறாள். நன் இதைப் பார்த்துத்தான் எடுத்தாரா என்பது கிடக்கட்டும், கவிதைக்குள் அவள் ஏற்கெனவே இருந்தாள்.

மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டு முடித்ததும் லாயிட் வெபருக்குப் பயம் வந்துவிட்டது. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே, எதையாவது திருடிவிட்டேனா என்று. அப்பா வில்லியம் லாயிட் வெபர் இசைக்கலைஞர், அவரிடம் வாசித்துக் காட்டி, “இது எது மாதிரி இருக்கிறது?” என்று கேட்டார். அப்பா, “பத்து லட்சம் டாலர் மாதிரி இருக்கிறது,” என்றாராம். டிம் ரைஸும் இதே மெட்டுக்கு வரி எழுதிக் கொடுத்தார். கடைசியில் நன் எழுதியதே நின்றது.

18 ஆகஸ்ட் 2024

‘காசு பார்த்தார்கள்’ என்று ஒரு சொல் சொன்னீர்கள். தொடங்கும்போது நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? பூனை வேஷம் போட்டு ஆடுவதற்கு முதல் போட ஆள் கிடைக்கவில்லை. லாயிட் வெபர் ஏற்கெனவே அடமானத்தில் இருந்த வீட்டின் மேல் இரண்டாவது அடமானம் வைத்தார். தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் அப்போது பெரிய பெயர் கிடையாது. டிரெவர் நன் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காரர், அவர் முதலில் நினைத்தது ஐந்து நடிகர், இரண்டு பியானோ. அதோடு, ஆட்டத்தை வைத்தே நடத்தும் நாடகம் அமெரிக்கர்களுக்குத்தான் வரும், இங்கிலாந்துக்காரர்களுக்கு வராது என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை முடித்துவைத்தவர் நடனம் அமைத்த ஜில்லியன் லின்.

ஜான் நேப்பியர் போட்ட அரங்கம் ஒரு குப்பைமேடு. எல்லாச் சாமானும் பூனைக் கண்ணுக்குத் தெரிகிற பெரிய அளவில். மேடையோடு ஒரு பகுதி இருக்கைகளும் சுழலும்.

ஒத்திகையில் அடுத்த இடி. கிரிசபெல்லா வேஷம் ஜூடி டென்சுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒத்திகையில் அவர் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு திரும்பி வந்தவர் மேடைச் சரிவில் மறுபடி விழுந்தார். அதோடு விலகிவிட்டார். கடைசி நேரத்தில் எலைன் பேஜ் வந்து சேர்ந்தார். 11 மே 1981, நியூ லண்டன் அரங்கம், முதல் காட்சி. அன்று ராத்திரியே வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தாத்தாப் பூனையாக நடித்த பிரையன் பிளெஸ்ட் அறிவித்து ஜனங்களை வெளியே அனுப்பினார்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். சரியாக 21 வருடம் கழித்து, அதே மே 11 அன்று, 2002இல் நிறுத்தினார்கள். லண்டனில் 8,949 காட்சிகள். நியூயார்க்கில் 1982 அக்டோபரிலிருந்து 2000 செப்டம்பர் வரை 7,485.

18 ஆகஸ்ட் 2024, இரவு

விட்டுப்போனது. 1983இல் அமெரிக்காவின் டோனி விருது ஏழு கிடைத்தது. அதில் நாடகப் பிரதிக்கான விருது எலியட்டுக்கு, இறந்து 18 வருடம் ஆன பிறகு. இசை, பாடலுக்கான விருதிலும் அவருக்குப் பங்கு. கவிதையை ஓரமாக வைத்துவிட்ட நாடகமாக இருந்தால் அப்படிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

25 ஆகஸ்ட் 2024

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: கடைசியில் கிரிசபெல்லா போகும் ‘ஹெவிசைட் லேயர்’ என்பது என்ன, சொர்க்கமா?

எனக்கும் ரொம்ப நாள் அது கவிஞர் கற்பித்த பெயர் என்றுதான் நினைப்பு. எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர்தான் திருத்தினார். நிஜமாகவே இருக்கிறது. தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேறிய காற்று அடுக்கு. ரேடியோ அலை பூமியின் வளைவைத் தாண்டிப் போவதற்கு அப்படி ஓர் அடுக்கு மேலே இருக்க வேண்டும் என்று 1902இல் ஆலிவர் ஹெவிசைட்டும் அமெரிக்காவில் கென்னலியும் சொன்னார்கள். 1924இல் ஆப்பிள்டன் அளந்து நிரூபித்தார். ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு. அடுத்த வருடம் 1948இல் இலக்கியத்துக்கான நோபல் யாருக்கு? எலியட்டுக்கு.

எலியட் அதைக் கடிதத்தில் எழுதியது 1936இல். அப்போது வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துகொண்டிருந்த காலம். பூனைகளும் நாய்களும் பலூனில் ஏறி, ரஸ்ஸல் ஓட்டலைத் தாண்டி மேலே மேலே போய் ஹெவிசைட் அடுக்கை அடைவதாக ஒரு முடிவு யோசித்திருந்தார். அதையும் புத்தகத்தில் சேர்க்கவில்லை. வேலரி அம்மாள் கொடுத்த தாள்கள் வழியாக அது நாடகத்துக்கு வந்து சேர்ந்தது.

இயற்பியல் ஆசிரியர் சொன்ன இன்னொன்றுதான் என்னை உட்கார வைத்தது. ராத்திரியில் தூரத்து மீடியம் வேவ் நிலையங்கள் தெளிவாகக் கேட்பதற்கு இந்த அடுக்கும் காரணமாம். சின்ன வயதில் அப்பா மர்பி ரேடியோவின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவில் இலங்கை வானொலியைப் பிடிப்பார். குரல் தேய்ந்து போகும், திரும்பி வரும். போய்விட்டு மேலேயிருந்து திரும்பி வருகிற குரல். கிரிசபெல்லாவை அங்கே அனுப்பியது எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

1 செப்டம்பர் 2024

இரண்டு பேர் ‘நீங்கள் மேடையில் பார்த்தீர்களா, யூடியூபிலா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். 2015 ஜனவரி, லண்டன் பலேடியம் அரங்கம். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. மேல் மாடத்தில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. ரம் டம் டக்கர் என்ற பூனையை ராப் பாடுகிறவனாக மாற்றியிருந்தார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. வரியை விட்டுத் தாளம் தனியாக ஓடியது. வந்த அன்றே அதை எழுதி வைத்தேன், இப்போதும் அதே அபிப்பிராயம்தான்.

மறுநாள் நடந்து பார்த்தேன். டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலிருந்து ரஸ்ஸல் சதுக்கத்துக்கு இருபது நிமிஷம் கூட ஆகாது. சதுக்கத்தின் ஒரு மூலையில் எலியட் வேலை பார்த்த ஃபேபர் கட்டடம், சுவரில் அவர் பெயர்ப் பலகை. அங்கே நின்று பார்த்தால் எதிர்ப்புறம் சிவந்த மண் நிறத்தில் கோபுரங்களோடு அந்த ரஸ்ஸல் ஓட்டல். அவள் திரிந்த தெரு, அவர் உட்கார்ந்து எழுதிய மேசை, அவள் மேலே போகும் வழி, எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள். தினமும் ஆபீசுக்கு வந்துபோகிற பாதையில் கண்ட பூனையை எழுதியிருக்கிறார் மனுஷர். குளிரில் விரல் விறைத்துப்போய் பர்ஸைத் திறக்க முடியாமல் நின்றேன், ஆனாலும் நகர மனசில்லை.

முதலில் நாடகம் நடந்த நியூ லண்டன் அரங்கமும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 2018இல் அதற்கு ஜில்லியன் லின் பெயரை வைத்தார்கள். அந்த வருடம் ஜூலையில், 92 வயதில் அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு.

3 செப்டம்பர் 2024

குறையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. குரவுல்டைகர் என்ற கடற்கொள்ளைப் பூனையின் பாட்டில் சீனர்களை இழிவாகச் சொல்லும் சொல்லை எலியட்டே எழுதியிருக்கிறார். மேடையில் பிறகு அதை மாற்றினார்கள், பல தயாரிப்புகள் அந்தப் பாட்டையே விட்டுவிட்டன. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது நானும் அதைத் தாண்டித்தான் போகிறேன். பெரிய கவிஞர் எழுதியது என்பதற்காக வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை காதில் அந்தச் சொல் விழ வேண்டியதில்லை.

8 செப்டம்பர் 2024

ஞாயிற்றுக்கிழமை. விடைத்தாள் இன்னும் வரவில்லை, அதனால் இது நீளும்.

எனக்குப் பிடித்த பூனை கிரிசபெல்லா கிடையாது. கஸ். நாடகக் கொட்டகை வாசலில் கிடக்கும் கிழட்டுப் பூனை. முழுப்பெயர் அஸ்பாரகஸ், அதைச் சொல்லிக் கூப்பிட நேரமாகிறது என்று கஸ். ரோமம் உதிர்ந்து, எலும்பு தெரிந்து, வாத நோயில் முன்னங்கால் நடுங்கும். யாராவது ஒரு வாய் வாங்கிக் கொடுத்தால் அந்தக் காலத்தில் தான் போட்ட வேஷங்களைச் சொல்லும். இந்தக் காலத்துக் குட்டிகளுக்குப் பயிற்சியே இல்லை என்று அலுத்துக்கொள்ளும்.

என் பெரியப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட். வள்ளி திருமணம், பவளக்கொடி. ஊர் ஊராகப் போய் ராத்திரி பத்து மணிக்கு மேடையேறினால் விடிய விடிய. முன்பின் பார்த்திராத ஸ்திரீபார்ட்டோடு ஒத்திகை இல்லாமல் தர்க்கம் பண்ண வேண்டும். எனக்கு நினைவு தெரிந்தபோது அவர் ஆடுவதை விட்டுப் பத்து வருடம். கை நடுக்கம். காபி டம்ளரை டவராவோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டும் கிணுகிணுவென்று மோதும், அடுக்களையில் இருக்கும் பெரியம்மாவுக்கு அவர் குடித்து முடித்துவிட்டாரா என்பது அந்தச் சத்தம் நின்றால்தான் தெரியும். “இப்ப இருக்கிற பயலுக மைக்கை நம்பிப் பாடுறானுக,” என்பார். “கடைசி ஆள் வரைக்கும் கேக்கணும்னா அடிவயித்துலேருந்து வரணும்.”

கஸ் பாட்டை முதல் தடவை படித்தபோது நான் பார்த்தது அவரைத்தான். இங்கிலாந்துப் பூனை, நம் ஊர் ராஜபார்ட், ஒரே குறை. நாடகத்தில் லாயிட் வெபர் இந்தப் பாட்டுக்கு மட்டும் அவசரமே காட்டவில்லை. கிழவர் பேசுகிற வேகத்தில் மெட்டு நடக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பூனை அவருக்காகப் பாடுகிறது. பலேடியத்தில் அந்த ஐந்து நிமிஷம் எனக்கு முன்னால் இருந்த மேடை மங்கலாகத்தான் தெரிந்தது.

அன்றைக்குக் ‘கதை எங்கே’ என்று கேட்டீர்களே. ஒவ்வொரு பூனையும் வந்து ‘நான் இன்னார்’ என்று சொல்கிறது என்றீர்கள். ஆமாம், அதைத்தான் சொல்கிறது. பெரியப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து தினமும் சொன்னதும் அதுதான்.

9 செப்டம்பர் 2024

பெட்டி பக்லி பற்றி ஒரு வரி. நியூயார்க்கில் கிரிசபெல்லாவாக நடித்தவர். வேஷம் பிடிபடாமல் திணறி, தெருவில் வீடில்லாமல் வாழும் பெண்களைக் கவனித்துக் கற்றுக்கொண்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு டோனி கிடைத்தது.

21 செப்டம்பர் 2024

காசுக்கு இன்னொரு தடவை வருகிறேன், நியாயமாகப் பேச வேண்டுமல்லவா. காசு வந்தது, கொட்டியது. நாடகத்திலிருந்து எலியட் தரப்புக்கு வந்த பங்கை வேலரி அம்மாள் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓல்ட் பாஸம் பெயரில் அறக்கட்டளை வைத்துக் கலை, இலக்கிய வேலைகளுக்குப் பணம் கொடுத்தார். வருடா வருடம் நல்ல கவிதைத் தொகுப்புக்குக் கொடுக்கும் டி.எஸ். எலியட் பரிசு 1993இல் தொடங்கியது, பரிசுத் தொகையை அவர் கொடுத்தார். லண்டன் நூலகத்துக்கும் நிறையப் போனது. ஃபேபர் பதிப்பகம் தாக்குப்பிடித்ததிலும் பூனைகளுக்குப் பங்கு உண்டு. பூனைப் பாட்டு சம்பாதித்தது புதுக் கவிஞர்களின் கைக்குப் போகிறது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

இன்னொரு செய்தி. இந்தக் கோடையில் நியூயார்க்கில் ‘ஜெலிகிள் பால்’ என்று இதையே புதிதாகப் போட்டார்கள். குப்பைமேடும் ரோமமும் இல்லை. கறுப்பின, லத்தீன் திருநர்களும் தன்பாலினத்தவரும் வளர்த்த ‘பால்ரூம்’ போட்டி ஆட்டத்துக்குள் எலியட்டின் வரிகளை வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொருவராக நடைமேடையில் வந்து ‘நான் இன்னார்’ என்று காட்டுவதுதான் அந்தப் போட்டியே. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் தங்களுக்குத் தாங்களே புதுப் பெயர் வைத்துக்கொள்ளும் இடம் அது. துண்டுகளைப் பார்த்தேன். தாத்தாப் பூனையாக ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ் நடந்து வருகிற நடையை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டேன்.

12 அக்டோபர் 2024

பெண்ணோடு மறுபடி பார்க்க எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். 1998இல் வெளியான மேடைப் பதிவு, லண்டன் அடெல்ஃபி அரங்கத்தில் எடுத்தது. எலைன் பேஜ்தான் கிரிசபெல்லா. தொடக்கத்திலிருந்து போடாதீர்கள். நேராகக் கஸ் பாட்டுக்குப் போங்கள். கஸ்ஸாக இருப்பவர் ஜான் மில்ஸ், தொண்ணூறை ஒட்டிய வயது. அவர் கையை மட்டும் பாருங்கள். பிறகு ரயில் பூனை, அப்புறம் மெக்காவிட்டி. மெக்காவிட்டி வரும்போது உங்கள் பெண்ணிடம் புத்தகத்தைக் கொடுத்து வரி வரியாகச் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் தட்ட விடுங்கள், தடுக்காதீர்கள்.